கட்டி வைத்த கத்தி

ஜெசிந்தாவிடம் கேள்வி கேட்டால் பதில் வாயால் வருவது அபூர்வம். எதையாவது எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என ஒருவர் கேட்டதற்கு ஒரு பிடி மணலைக் கொடுத்தாள். அவர் அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோனாராம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேடு முடிந்து கடல் தொடங்குகிற ஒரு மீனவ ஊர் அவளுடையது. அங்கே ஐந்து பிளாஸ்டிக் கயாக்குகளை வைத்துக்கொண்டு, தனி ஆளாகத் துடுப்புப் போட்டுப் போய்க் கடலில் தூண்டில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கயாக் என்றால் ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரக்கூடிய சின்ன ஓடம். பெரிய மீன் இழுத்தால் ஓடமும் சேர்ந்து போகும்.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் பிரம்மநாயகம். வயது ஐம்பத்தொன்பது, டீச்சரைவிட இருபது வயது கூடுதல். திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் டீச்சர் என்று கூப்பிட்டே பழகிய நாக்கு, ஜெசிந்தாவையும் டீச்சர் என்றே கூப்பிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஆய்வகத்தில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஸ்டாப்வாட்ச், லென்ஸ், காந்தம் எல்லாவற்றையும் நூல் போட்டு மேசைக் காலோடு கட்டி வைத்திருப்பார். பிள்ளைகள் கழுத்தை வளைத்துக்கொண்டுதான் லென்ஸில் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு காந்தம்கூடத் தொலைந்ததில்லை என்று முதல் நாளே டீச்சரிடம் சொன்னார்.

"கடல்ல மேசைக்கால் கிடையாதே அண்ணாச்சி" என்றாள் அவள்.

அவர் மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அப்பா வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார் என்று புனேயில் வேலை பார்க்கும் மகள் வடிவுக்குக் கவலை. ஒரே மகள். முதல் வருஷ போனஸில் ஒரு தூண்டில் கம்பும் ரீலும் வாங்கி அனுப்பினாள். கம்பின் கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சால் 'அப்பா' என்று தன் கையால் எழுதியிருந்தாள். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரம்மநாயகம் வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல்முறையாகக் கடற்கரை பஸ் ஏறினார்.

அந்தக் கம்பு மூன்றாவது வாரம் போயிற்று.

கரைக்குத் திரும்பும்போது, அலை உடைகிற இடத்தில் கயாக் ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் விழக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது கம்பு செருகியிருந்த குழாய் காலியாக இருந்தது. மூன்று நாள், கடல் வற்றியிருக்கும் நேரத்தில், காலால் துழாவினார். ஜெசிந்தாவும் முங்கிப் பார்த்தாள். கிடைத்தது யாரோ விட்ட ஒரு செருப்பு மட்டும்தான்.

வடிவு ஞாயிறுதோறும் போனில் கேட்பாள். "கம்பு எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மகள் அந்தக் கம்பைப் பற்றிக் கேட்கும்போது அவள் அம்மாவின் குரல் அதில் கேட்கும். போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. அதே கம்பெனிக் கம்பு ஒன்றைத் தூத்துக்குடியில் தேடிப் பிடித்து வாங்கினார். பேன்சி கடையில் சிவப்பு நகப்பூச்சு வாங்கினார். வடிவின் பழைய நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, மகள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே 'அப்பா' என்று எழுதிக்கொண்டார்.

ஜெசிந்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுத்து நல்லா இருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் கை நடுங்கியிருக்கு."

அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை. பிறகு, வந்த நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"டீச்சர், எதையும் தொலைக்காம கடலுக்குப் போயிட்டு வர்றதுக்கு என்ன வழி?"

அவள் குடிசைக்குள் போனாள். ஒரு சின்னக் கத்தியோடு வந்தாள். துருப்பிடிக்காத அலகு, ஒரு பக்கம் ரம்பப் பல். அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கைக்கு எட்டுற இடத்துல வச்சுக்கிடுங்க" என்றாள். அவ்வளவுதான் பதில்.

தொலைக்காமலிருக்க வழி கேட்டால் கத்தி கொடுக்கிறாளே என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீன் வெட்ட இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கட்ட ஆரம்பித்தார்.

முதலில் துடுப்பு. பிறகு குறடு, தண்ணீர்ப் பாட்டில், போன் உறை, தொப்பி. பழைய டெலிபோன் வயர் போலச் சுருண்டு நீளும் கயிறுகள், நைலான் கயிறுகள், வேட்டி உலர்த்தும் கொடிக்கயிறு. வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு கயிறு கூடியிருக்கும். புதுக் கம்புக்கு மட்டும் இரண்டு. ஒன்று கயாக்கின் இருக்கையோடு, இன்னொன்று அவர் இடுப்போடு. எல்லாம் இரட்டை முடிச்சு.

அவளுடைய கயாக்கில் துடுப்புக்கு ஒரு கயிறு இருந்தது. வேறு எதற்கும் கிடையாது. அவள் கம்பின் அடியில் பழைய வலை மிதப்பு ஒன்றைச் செருகிக் கட்டியிருந்தாள். விழுந்தால் மிதக்கும், எடுத்துக்கொள்ளலாம். அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் அதைக் கம்பில் வைத்துப் பார்த்தார். சரியாக 'அப்பா'வை மறைத்தது. வேண்டாம் டீச்சர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் வற்புறுத்தவில்லை. கயாக்கைக் கவிழ்த்து எழும்புகிற பாடத்தை மட்டும் ஒவ்வொரு வாரமும் ஞாபகப்படுத்தினாள். இடுப்பளவுத் தண்ணீரில், சாமான்களோடு, ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து பார்க்க வேண்டும். எது எங்கே போகிறது, எது காலில் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். அவர் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் சளி, அடுத்த வாரம் முட்டிவலி. உண்மைக் காரணம், கவிழ்த்தால் ஏதாவது ஒன்று தொலைந்துவிடும் என்ற பயம்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்குக் கனம் மடியிலும் இருந்தது, மனசிலும் இருந்தது. கடலில் தூண்டில் போட்டுவிட்டு மிதவையைப் பார்க்க மாட்டார். முடிச்சுகளைப் பார்ப்பார். இடுப்பைத் தொடுவார், இருக்கையைத் தொடுவார், குறடைத் தொடுவார், மறுபடி இடுப்பைத் தொடுவார். மீன் இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போயிருக்கும். காற்று சற்று ஏறினாலும் முடிச்சுகளை மறுபடி இறுக்குவார். வீட்டில் தனியாக இருந்தபோது இந்தப் பயம் இல்லை. அப்போது தொலைப்பதற்கு ஒன்றும் இல்லையே.

ஒருநாள் அவள் தன் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டினாள்.

"பதினாலு" என்றாள்.

"என்ன டீச்சர்?"

"கயிறு. எண்ணுனேன்."

அவர் சிரித்துச் சமாளித்தார். அவள் சிரிக்கவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் மேல்கணுவோடு முடிந்திருந்தது. இத்தனை நாள் பழகியும் அவர் அதைக் கவனிக்கவில்லை.

தன் பத்தொன்பது வயதில், அப்பாவின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனபோது நடந்தது என்றாள். அவள் வீட்டில் யாரும் தூண்டிலின் நைலான் நரம்பைக் கையில் சுற்ற மாட்டார்கள். விரல் மேல் தவழவிட்டுத்தான் பிடிப்பார்கள், மீன் முறுக்கினால் விட்டுவிடலாம். அன்று நல்ல சீலா மீன் ஒன்று மாட்டியது. விட மனசில்லாமல் நரம்பை விரலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"மீன் கிடைச்சுதா?" என்று கேட்டார் பிரம்மநாயகம்.

"கிடைச்சுது."

அவள் துடுப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவர் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு பழக்கத்தில் கை இடுப்பு முடிச்சுக்குப் போயிற்று.

அந்த வாரம் வடிவு கூப்பிட்டாள். லீவு கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இறங்குகிறாள். நேரே கடற்கரைக்கே போவோம்பா, நான் வாங்கித் தந்த கம்பில் நீங்க மீன் பிடிக்கிறதைப் பார்க்கணும் என்றாள்.

அவர் கம்பை எடுத்துச் சிவப்பு எழுத்தை மறுபடி பார்த்தார். எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று ஒரு பயம். அதற்குள் இந்தக் கம்பும் போய்விட்டால் என்று அதைவிடப் பெரிய பயம். வீட்டிலேயே வைத்துவிடலாம் என்றால், இன்னும் பளபளப்புப் போகாத கம்பை அவள் நம்ப மாட்டாள். இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் பட்டால்தான் பழசு போல இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமையும் போனார்.

போவதற்கு முன்னால் சாமான்களைச் சரிபார்த்தபோது டீச்சர் கொடுத்த கத்தி கண்ணில் பட்டது. அதை லைஃப் ஜாக்கெட் பையில் சும்மா செருகி வைத்திருந்தார். கட்டாமல் இருந்த ஒரே சாமான். டீச்சர் கையால் கொடுத்தது, அதுவும் தொலைந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்று தோன்றியது. தண்ணீர் புகாத தூண்டில் பெட்டிக்குள் அதை வைத்தார். உள்ளேயே அதை ஒரு கயிற்றால் கட்டினார். மூடியை மூடி வெளியே சுற்றி இன்னொரு கயிறு கட்டினார். மனசு கொஞ்சம் அடங்கியது.

காலை ஏழு மணிக்கு இரண்டு கயாக்குகளும் வெளியே போயின. எட்டரைக்கெல்லாம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மீன் ஒன்றும் படவில்லை. திரும்புவோம் என்று ஜெசிந்தா கை காட்டினாள்.

அலை உடைகிற இடத்துக்கு வெளியே நிறுத்தி, அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"கம்பைப் படுக்க வைங்க. இடுப்புக் கயித்த அவுத்திருங்க அண்ணாச்சி."

அவர் கம்பைப் படுக்க வைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இடுப்பில் கையை வைத்து, அவிழ்ப்பது போலச் செய்தார். அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

"அவுத்தாச்சா?"

"ஆச்சு டீச்சர்."

முதல் அலை அவரைத் தூக்கி விட்டது. இரண்டாவது அலை கயாக்கைக் குறுக்கே திருப்பியது. மூன்றாவது அலை வந்ததை அவர் பார்க்கவில்லை.

கழுத்தளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்றால் தலை வெளியே இருக்கும். ஆனால் நிற்க முடியவில்லை. கயாக் தலைகீழாக அவர் மேல் கிடந்தது. இடுப்புக் கயிறு இருக்கையைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தது. கால் இரண்டையும் ஏதோ பின்னிக்கொண்டது; பாட்டில் கயிறோ, போன் கயிறோ, கொடிக்கயிறோ தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் அவரை மேலே தள்ளியது. மேலே இருந்தது கயாக். வாய் திறந்தபோது மணலும் உப்பும் உள்ளே போயின.

கத்தி என்று நினைத்தார். கை லைஃப் ஜாக்கெட் பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, வழி கேட்டதற்கு டீச்சர் ஏன் கத்தி கொடுத்தாள் என்று. பெட்டி கண்ணுக்கு முன்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இரட்டை முடிச்சு, உள்ளே இரட்டை முடிச்சு. நகத்தால் பிறாண்டிப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு எப்போது அவிழ்ந்திருக்கிறது? முப்பத்தொரு வருஷம் ஒரு பிள்ளையாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு.

பயம் என்றால் அதுதான் பயம். அதுவரை அவர் பயம் என்று நினைத்திருந்ததெல்லாம் விளையாட்டு.

யாரோ அவர் தோளைப் பிடித்தார்கள். ஜெசிந்தா தன் கயாக்கை அப்படியே அலையில் விட்டுவிட்டுக் குதித்திருந்தாள். நெஞ்சோரம் உறையில் செருகியிருந்த கத்தியை எடுத்து, முதல் வெட்டு இடுப்புக் கயிற்றில். இரண்டாவது, கம்பை இருக்கையோடு பிணைத்திருந்த கயிற்றில். கம்பு விடுபட்டுக் கீழே சரிந்தது. கலங்கிய தண்ணீரிலும் சிவப்பு எழுத்து தெரிந்தது.

மூச்சு முட்டிக்கொண்டிருந்த பிரம்மநாயகம் கையை நீட்டி அதைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

அவள் அவர் மணிக்கட்டில் கத்திப் பிடியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கை விரிந்தது. கம்பைக் கடல் இழுப்பு கொண்டுபோயிற்று. அவள் கால் பக்கம் முங்கி இரண்டு வெட்டு வெட்டி, அவரை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கரையில் அவர் வெகுநேரம் குப்புறக் கிடந்து இருமினார். குடித்த தண்ணீரெல்லாம் வந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

அலைகள் இரண்டு கயாக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் தள்ளிவிட்டிருந்தன. ஜெசிந்தாவின் கம்பு கொஞ்ச தூரத்தில் மிதப்பு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. அவள் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். வழுவழுத்துப்போன பழைய கைப்பிடி. குதித்தபோது அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

அவருடைய கயாக்கில் எல்லாம் இருந்தது. துடுப்பு, குறடு, தண்ணீர்ப் பாட்டில், போன், தொப்பி, பெட்டி. ஒன்றுகூடத் தொலையவில்லை. கம்பு மட்டும் இல்லை.

அவர் பெட்டியை மடியில் வைத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். வெளிமுடிச்சு அவிழ்ந்து, மூடி திறந்து, உள்முடிச்சு அவிழ்ந்து, கத்தி கைக்கு வர நெடுநேரம் ஆயிற்று. கரையில், வெளிச்சத்தில், இரண்டு கையும் சும்மா இருக்கும்போதே அவ்வளவு நேரம். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து முடியைப் பிழிந்துகொண்டு அதையே பார்த்திருந்தாள். உதவிக்கு வரவில்லை.

கத்தியை அவளிடம் நீட்டினார். அதில் உப்புத் துளிகூடப் படவில்லை.

"நீங்க குடுத்தது டீச்சர். பத்திரமா இருக்கு."

அவள் கத்தியை வாங்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அடிபட்ட இடம் வீங்கியிருந்தது.

"வலிக்கா?"

"பிடிச்சிட்டேன் டீச்சர். கையில இருந்துச்சு. நீங்கதான் தட்டி விட்டுட்டீங்க."

அவள் வீக்கத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"நாளை மறுநாள் வடிவு வாரா" என்றார். சின்னப்பிள்ளை போல மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வந்ததும் கம்பு எங்கப்பான்னு கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?"

ஜெசிந்தா அவர் மணிக்கட்டை விட்டாள். கத்தியை எடுத்து, அவருடைய லைஃப் ஜாக்கெட் பையில், பிடி வெளியே தெரியும்படி செருகினாள்.

"கம்பு எங்கன்னு கேட்டா, கடல்ல போட்டுட்டேன், ரெண்டு போட்டுட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அது உங்களால சொல்ல முடியும்" என்றாள். "இந்தக் கரையில வந்து நின்னு, அப்பா எங்கன்னு அவ என்கிட்ட கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?"